அரண்மனைக்கு மண் கொடுத்த பள்ளம்

மதுரைக்கு வரும் இலக்கிய நண்பர்களுக்கு ஊர் காட்டும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. காலையில் மீனாட்சியம்மன் கோயில், வெயில் தாழ்ந்தபின் திருமலை நாயக்கர் மகால், இரவில் ஏதாவதொரு கடையில் இட்லி, அத்துடன் பேருந்து. இந்த வரிசை மாறியதில்லை. சென்ற தை மாதத்தில் கோவையிலிருந்து வந்த நண்பர் ஒருவர்தான் மாற்றினார். மகாலின் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவர், திடீரென்று, "இது கல் இல்லையே, செங்கல்தானே? இவ்வளவு செங்கல் அறுக்க மண் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். அவர் தொழிலால் கட்டடப் பொறியாளர். கவிதை எழுதுவது இரண்டாவது தொழில்.

தமிழ் இலக்கியம் படித்த என் போன்றவர்கள் மகாலுக்குள் நுழைந்தால் நாயக்கர் காலத்துச் சிற்றிலக்கியம் பற்றிப் பேசுவோம், அரசியல் பேசுவோம். மண்ணைப் பற்றி எவரும் கேட்டதில்லை. ஆனால் விடை மதுரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அவரைக் கிழக்கே, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். அன்று தொடங்கிய சுற்றல் அடுத்த நாளும் நீண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அரண்மனை 1636இல் முடிந்தது என்றும், தெப்பக்குளம் 1645இல் அமைந்தது என்றும் வழங்கிவருகிறது. அரண்மனைச் செங்கல்லுக்காக வெட்டிய பள்ளமே பின்னர் குளமாயிற்று என்பது மதுரையின் நீங்கா வழக்கு. இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே ஒன்பது ஆண்டு இடைவெளி இருக்கிறதே என்று கேட்கலாம். எனக்கு அந்த இடைவெளிதான் வழக்கை நம்பத் தூண்டுகிறது. மண் எடுத்தவுடன் குளம் ஆகிவிடாது. வெறும் பள்ளமாகக் கிடந்து, மழைநீர் தேங்கி, ஊரார் ஏசி, அதற்குப் பின்னரே அரசனுக்குக் கல் படிக்கட்டும் நடுமண்டபமும் நினைவுக்கு வந்திருக்கும். நம் காலத்தில் சாலைக்கு மண் எடுத்த பள்ளங்களைப் பார்க்கிறவர்களுக்கு இது விளங்கும். ஒன்பது ஆண்டு அல்ல, தொண்ணூறு ஆண்டானாலும் அவற்றுக்குப் படிக்கட்டு வரப்போவதில்லை.

ஏறத்தாழ 1000 அடி நீளம், 950 அடி அகலம். நாற்புறமும் பன்னிரண்டு படித்துறைகள். நடுவே தீவு; தீவின் மேல் மைய மண்டபம், மூலைக்கொன்றாகச் சிறு மண்டபங்கள். பொறியாளர் நண்பர் கைபேசியில் கணக்குப் போட்டார். ஓர் அடி ஆழம் வெட்டினாலே ஒன்பதரை லட்சம் கன அடி மண். பத்தடி என்றால் தொண்ணூற்றைந்து லட்சம். "இதில் தீவைக் கழிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சற்று நின்றார். "கம்மாய் வெட்டுகிறவர்கள் எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று காட்ட நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? இந்தத் தீவும் அப்படி விட்ட மண்ணாக ஏன் இருக்கக் கூடாது?" இதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றுமுதல் மைய மண்டபத்தைப் பார்க்கும்போதெல்லாம், கோபுரத்தின் கீழே, கூலிக்கு மண் வெட்டியவர்கள் அளவு காட்ட விட்டுவைத்த திட்டு ஒன்று எனக்குத் தெரிகிறது. அந்தக் கூலியாட்களைப் பற்றி எந்த நூலிலும் ஒரு வரி இல்லை.

என் அப்பத்தா அனுப்பானடியில் வாழ்ந்தவர். அவர் இதைக் குளம் என்று சொன்னதே இல்லை. "அது கொளம் இல்லய்யா, ராசா வீடு கட்ட மண்ணள்ளுன பள்ளம்" என்பார். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் சொன்னதே சரியாகத் தோன்றியது. குளம் வறண்டு கிடக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும்; ஓர் ஆட்டத்தின் பந்து இன்னோர் ஆட்டத்தின் எல்லைக்கோட்டுக்குள் விழும். தைப்பூசத்தை ஒட்டிவரும் தெப்பத் திருநாளுக்கு நீர் இல்லாத ஆண்டுகளில் 'நிலைத்தெப்பம்' என்று ஒன்றை நடத்துவார்கள். தெப்பம் நகராமல் நிற்கும். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அதில் எழுந்தருளுவர். மிதக்காத தெப்பத்துக்கு இப்படி ஒரு கௌரவமான பெயர் வைக்கத் தமிழால்தான் முடியும். நீர் நிறைந்த ஆண்டுகளிலோ கரையில் நிற்கும் மக்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் பகலில் இருமுறையும் இரவில் ஒருமுறையும் மைய மண்டபத்தைச் சுற்றிவரும். திருமலை நாயக்கர் பிறந்தது பூச நட்சத்திரத்தில் என்றும், அதனாலேயே திருநாள் அந்த நாளில் அமைந்தது என்றும் சொல்வார்கள்.

குளத்துக்கு வைகையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வரும் வழி உண்டு. ஆற்றில் நீர் ஓடினாலும் குளத்துக்கு வராத அளவுக்கு அது பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. இப்பொழுது பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைத் திருப்பியபின் குளம் நிறைகிறது. நண்பரும் நானும் போனபோது நீர் படிகளைத் தொட்டு நின்றது. மாலை நேரத்தில் கரைச் சுவர் முழுக்க மக்கள். கிரிக்கெட் ஆடிய தலைமுறை, தன் பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்துக்கொண்டு, தான் ஓடி விளையாடிய இடத்தின் மேல் நிற்கும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் மாரியம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிறார்கள். குளக்கரையிலேயே உள்ள முக்தீசுவரர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் சிலரே. கருவறைக்கு எதிரே அமைந்த சாளரத்தின் துளைகள் வழியே மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாட்கள் காலைக் கதிர் லிங்கத்தின் மேல் விழும். பகலும் இரவும் சமமாகும் அந்த நாட்களில்தான் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கிறது. கட்டியவர்களுக்குத் திசை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. சூரியன் வழிபடுகிறான் என்று அர்ச்சகர்கள் சொல்வார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

மண்ணுக்குத் திரும்புவோம். தெப்பக்குளம் வெட்டியபோது கிடைத்தவர்தான் முக்குறுணிப் பிள்ளையார் என்பது கோயில் வழக்கு. அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்குப் போகும் வழியில் ஓங்கி அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். குறுணி என்பது ஆறு படி. முக்குறுணி பதினெட்டுப் படி. விநாயகர் சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். கொழுக்கட்டையின் அளவில் மயங்கி நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு பிள்ளையார் மண்ணுக்கடியில் ஏன் இருந்தார்? அத்தனை பெரிய சிலை தானாகப் புதையாது. வழக்கு உண்மையானால், நாயக்கர் மண் எடுத்த இடம் வெறுந்தரை அல்ல. அங்கே கோயிலோ ஊரோ இருந்து அழிந்திருக்க வேண்டும், அல்லது அஞ்சி ஒளித்துவைத்திருக்க வேண்டும். மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது 1311இல். அடுத்து, பதினான்காம் நூற்றாண்டில் இங்கே சுல்தான்களின் ஆட்சி நடந்தது. அதனோடு இதை முடிச்சுப்போட ஆசை வரும், நான் போடமாட்டேன். ஆயினும் மதுரையில் மண்ணைத் தோண்டிப் பழைய பொருள் எடுத்ததாக நம் காதுக்கு எட்டும் செய்திகளில் இது மூத்த ஒன்று. தோண்டியவர்கள் குழியளவு எழுதிவைக்கவில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் உள்ள ஏரிகளை இயற்கை ஏரிகள் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அவை இடைக்காலத்தில் எரிபொருளுக்காக மண்கரி வெட்டிய பள்ளங்கள் என்று ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் 1950களில் நிறுவினார். ஊரார் நினைவில் இருந்தே அது மறைந்துபோயிருந்தது. அந்த வகையில் மதுரை மேலானது. பள்ளத்தின் பூர்வீகத்தை என் அப்பத்தா ஆய்வு எதுவும் இல்லாமல் அறிந்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் இருந்த பள்ளங்களுக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. மதுரைக் கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது. 1840களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், கோட்டைச் சுவரை இடித்து அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இடித்துத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும். நகரம் நெரிசலில் தவித்த காலம். மிகுந்த சாமர்த்தியமான திட்டம். சுவரும் அகழியும் ஒன்றையொன்று விழுங்கி இரண்டும் காணாமற்போயின. அங்கே எழுந்த வீதிகளுக்கு அளவாளர் மாரட் பெயரும் மேஸ்திரி பெருமாள் பெயரும் இன்றும் இருக்கின்றன. வெளி வீதி எதற்கு 'வெளி' என்று கேட்டால், கோட்டைக்கு வெளி என்று சொல்ல இன்று சிலரே உண்டு. பிளாக்பர்னுக்கு நன்றி செலுத்த ஊரார் நட்ட விளக்குத் தூணைச் சுற்றி வேட்டியும் சேலையும் வாங்கும் கூட்டம், விளக்குத்தூண் என்பதை ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே அறிகிறது. பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் கொத்தளத்தின் எச்சத்தையும், அம்மன் கோயிலுக்குக் கிழக்கே பாண்டியர் கோட்டையின் எஞ்சிய வாயிலான விட்டவாசலையும் நண்பருக்குக் காட்டினேன். விட்டவாசலுக்குள் நின்றுகொண்டே 'விட்டவாசல் எங்கே?' என்று வழி கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

புதுமண்டபத்துக்கு அருகில் எழுகடல் தெரு இருக்கிறது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்ப, இறைவன் ஏழு கடலையும் அழைத்துத் தந்த குளம் அது என்பது திருவிளையாடல். ஏழு கடலையும் கொண்ட குளத்தை நம் காலத்தில் தூர்த்து வணிக வளாகம் கட்டினோம். டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் பெருமாளுக்கு உரிய தெப்பக்குளம் ஒன்று உண்டு. நெடுங்காலம் நாற்புறமும் கடைகள் மறைத்து நின்றதால், அந்தச் சாலையில் நாள்தோறும் நடந்தவர்களே அப்படி ஒரு குளம் இருப்பதை அறியமாட்டார்கள். கடையின் பின்கதவைத் திறந்தால் நடுமண்டபம் தெரியும். வைகையோடு சேர்ந்து நகருக்கு மாலை போல ஓடிய கிருதுமால் நதியைச் சாக்கடை என்றே எல்லோரும் அழைக்கிறோம். ஆக, மதுரையில் தெப்பக்குளம் பிழைத்ததற்குக் காரணம் பக்தி மட்டும் அன்று. அது ஊருக்கு வெளியே இருந்தது. நெடுங்காலம் எவரும் அந்த நிலத்துக்கு ஆசைப்படவில்லை.

அடுத்த நாள் காலையில் ஆற்றைக் கடந்தோம். வண்டியூர் மாரியம்மன் என்கிறோம், வண்டியூர்த் தெப்பக்குளம் என்கிறோம். ஆனால் வண்டியூர் என்ற ஊர் வைகையின் வடகரையில் இருக்கிறது. குளம் தென்கரையில். பெயர் ஆற்றைக் கடந்திருக்கிறது. ஆறு எல்லையாகப் பிரிக்காமல், இரு கரையும் ஒரே ஊராக இருந்த காலத்தின் எச்சம் இது என்று நினைக்கிறேன். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புணையேறி வைகையைக் கடந்து, மதுரையை வலமாகச் சுற்றி, மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். காவியத்தில் நகருக்குள் போனவன் திரும்பவில்லை. நல்லவர்கள் எல்லாம் புறஞ்சேரியில்தான் இருக்கிறார்கள். வண்டியூரும் அனுப்பானடியும் பல நூற்றாண்டுகள் அத்தகைய புறஞ்சேரிகளாகவே இருந்து, நம் கண்ணெதிரே நகரமாகிவிட்டன.

வண்டியூரின் பெயரைத் தமிழ்நாடே அறிவது ஓர் இரவுக்காக. சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குக் கணக்கில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கே போகிறார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் வருவது வண்டியூருக்கு. இரவு வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்கி, மறுநாள் ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளி, மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிறார். அதுதான் ஆற்றுக்கு வந்ததன் காரணம். சுதபசு என்ற முனிவர் தவத்தில் மூழ்கித் துர்வாசரைக் கவனிக்கவில்லை. தவளையாகப் போ என்று துர்வாசர் சபித்தார். வைகையில் தவளையாகக் கிடந்தவரை விடுவிக்கவே பெருமாள் வருகிறார். தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணன் வருகிறான், தாமதமாகிவிடுகிறது, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்புகிறான் என்பது மக்கள் கட்டிய கதை. கோயில் சடங்கில் அதற்கு இடம் இல்லை. ஆனால் எது வென்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேனூர் என்பது மதுரைக்கு மேற்கே உள்ள ஊர். மண்டபமோ கிழக்கே வண்டியூரில். இந்த முரண்பாட்டுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. திருமலை நாயக்கர் காலத்துக்கு முன் அழகர் அலங்காநல்லூர் வழியாகத் தேனூருக்குப் போய் அங்கேதான் ஆற்றில் இறங்கினார். சைவத் திருக்கல்யாணத்தையும் வைணவ ஆற்றுத் திருவிழாவையும் ஒரே காலத்தில் மதுரையில் சேர்த்தவர் நாயக்கர். தன் பெருமாளை இழந்த தேனூர்க்காரர்களை ஆற்றுவதற்காக வண்டியூரில் அவர்கள் பெயரால் மண்டபம் எழுந்தது என்பது வழக்கு. தேனூரில் தங்கள் அளவில் அழகரை ஆற்றில் இறக்கும் விழா இன்றும் நடக்கிறது. ஓர் ஊர் தன்னிடமிருந்து எடுக்கப்பட்டதை மறக்காமல் இருக்க இதைவிட என்ன செய்ய முடியும்?

இதையெல்லாம் கோர்வையாக எனக்குக் கற்பித்தது தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் அதை நூலாக வெளியிட்டது. கோயில் ஆய்வு என்றால் கல்வெட்டும் கட்டடமும் என்றிருந்த காலத்தில், மாடு மேய்ப்பவரும் கள்ளரும் வலையரும் அந்தக் கோயிலோடு கொண்ட உறவைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். 2020 டிசம்பரில் மறைந்தார். அழகர் வண்டியூரில் தங்குவது துலுக்க நாச்சியார் வீட்டில் என்ற மக்கள் நம்பிக்கையையும் அவர் கேலியில்லாமல் எடுத்துப் பேசியிருக்கிறார். கல்வெட்டால் நிறுவக்கூடிய செய்தி அன்று இது. ஆனால் திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு. டில்லி சுல்தான் மகள் அரங்கனைத் தேடி வந்த கதையும் உண்டு. படையெடுப்பின் நினைவை ஒரு காதல் கதையாக மாற்றிக்கொண்ட மக்கள் இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறார்கள். அழகர் கோபித்துக்கொண்டு போகும் வீடு எதுவென்று வண்டியூரில் டீக்கடையில் கேட்டால், இன்றும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பை இழந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது. கதை இருக்கும், சொல்லும்போது வரும் சிரிப்பு போய்விடும்.

தேனூர் மண்டபத்தைத் திருவிழா இல்லாத நாளில் பார்க்க வேண்டும். நாங்கள் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. நாணலும் கருவேலமும் மண்டிக் கிடக்கும் ஆற்றுப் படுகை. நகரம் அனுப்பிய கழிவுநீர் ஒரு கோடாக ஓடுகிறது. கல் தூண்கள் எளியவை. சிற்பம் தேடுகிறவர் ஏமாறுவார். நான் சிறுவனாக இருந்தபோது வைகையில் மணல் இருந்தது. திருவிழாவன்று மணலில் புரண்டு எழுந்தால் உடம்பில் மணல் ஒட்டியிருக்கும். இன்று காலில் ஒட்டுவது வேறு. சடங்கின்போது மண்டபத்தைச் சுற்றி நீர் நிரப்பி, நாரை ஒன்றைப் பறக்கவிடுவார்கள். தவளை வடிவம் நீங்கிய முனிவர் அதுதான். நாரை பறக்க வானம் இருக்கிறது. தவளை கிடக்க ஆறு வேண்டுமே. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் தொற்றுநோய் காரணமாக அழகர் வைகைக்கு வரவில்லை. 2022இல் மறுபடி வந்தார். ஆற்றில் அழகர் இறங்குவதற்கான நீரை வைகை அணையிலிருந்து நாள் குறித்துத் திறந்துவிடுகிறார்கள். அணை 1959இல் வந்தது. அதற்கு முன் ஆறு யாரையும் கேட்டு ஓடியதில்லை.

வடகரையிலிருந்து மேலும் வடக்கே வண்டியூர்க் கண்மாய். சாத்தையாற்று நீர், கண்மாய்க்குக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, கடைசியாக இங்கே வந்து சேரும் தொடர் ஒன்று இருக்கிறது. ஒன்று தூர்ந்தால் கீழே உள்ளவை காயும். இந்தப் பகுதியின் பெயர்கள் எல்லாம் நீரைச் சொல்கின்றன: தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி. பெயரில் ஏரியைச் சுமந்து நிற்கும் அந்த உலகனேரியில்தான் 2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கியது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளையும் அங்கேதான் விசாரிக்கிறார்கள். நான் இதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பெயர் தந்த மாட்டுத்தாவணியும் அருகில்தான். தாவணி என்பது மாட்டுச் சந்தை. உடை என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பது வழக்கம்.

சிவகங்கைச் சாலையில் பாண்டி கோயிலுக்கு நண்பரை அழைத்துப் போனேன். மதுரையைச் சுற்றியுள்ளவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கிடாவெட்டும் பொங்கலும் ஓயாத இடம். ஆனால் கருவறையில் இருப்பவரைக் கூர்ந்து பாருங்கள். அரிவாளும் முறுக்கு மீசையுமாக நிற்கும் முனியாண்டி இல்லை. சம்மணமிட்டு, மடியில் கைகளை வைத்து, தியானத்தில் அமர்ந்த உருவம். புத்தர் என்பாரும் உண்டு, சமணத் தீர்த்தங்கரர் என்பாரும் உண்டு. வள்ளியம்மாள் என்ற பெண்ணின் கனவில் சொல்லி, மண்ணைத் தோண்ட வெளிப்பட்டவர் என்பது கோயில் வழக்கு. ஆற்றுக்குத் தெற்கே மண்ணுக்குள்ளிருந்து பிள்ளையார். வடக்கே மண்ணுக்குள்ளிருந்து இவர். கொல்லாமையைச் சொன்ன ஒருவர் முன்னே ஆடு வெட்டுகிறார்கள் என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் அரைகுறையாகத்தான் வருகிறது. எவரும் பெயர் அறியாமல் மண்ணுக்குள் கிடந்தவரை எடுத்து, பாண்டி என்று தங்கள் மன்னனின் பெயரைச் சூட்டி, பிள்ளைகளுக்கும் அதே பெயரை வைத்து வாழ்கிறார்கள். மதுரையில் ஒரு வகுப்பில் 'பாண்டி' என்று அழைத்தால் இன்னமும் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

அங்கிருந்து யானைமலை முழுமையாகத் தெரியும். அதன் தமிழிக் கல்வெட்டு இக்குன்றை 'இவகுன்றம்' என்கிறது. இபம் என்றால் யானை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அதில் தங்கிய துறவியரும் நம்மைப் போலவே அதை யானையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் பராந்தகனின் அமைச்சன் மாறன் காரி செய்வித்தான்; 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அவன் இறந்தபின் தம்பி மாறன் எயினன் பணியை முடித்தான். அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த இந்த மலையில் 2010இல் சிற்ப நகரம் அமைக்கத் திட்டம் வந்தபோது சுற்றியுள்ள ஊரார் எதிர்த்து நின்றார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாகவே எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை தோன்றி, மதுரையின் குன்றுகளுக்கு ஆயிரக்கணக்கானவர்களை நடக்கவைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அரிட்டாபட்டியை அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. அடுத்த இரண்டாண்டில் அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மேலூர் வட்டார மக்கள் திரண்டு நடந்தபின், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. மேலூர்ப் பக்கத்தில் கிரானைட்டுக்காக மலைகள் பள்ளமாகிவிட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பள்ளங்களிலும் நீர் நிற்கிறது. தெப்பம் விட முடியாது.

நண்பர் கீழடியும் போகலாமா என்றார். நேரம் இல்லை. வண்டியூரைத் தாண்டி வைகை போகும் திசையில், தென்கரைப் பக்கத்தில் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. 2015இல் தோண்டத் தொடங்கும்வரை அது தென்னந்தோப்பு. நாட்டின் கவனத்தைத் திருப்பிய முதல் குழிகளைத் தோண்டியவர்களே மீண்டும் மூடினார்கள். அகழாய்வின் நெறி அது. இந்த ஊரில் மூடத்தக்க பள்ளமும் உண்டு, மூடக்கூடாத பள்ளமும் உண்டு. பல நேரம் நாம் மாற்றிச் செய்துவிடுகிறோம்.

ஆரப்பாளையத்தில் அவருக்குக் கோவைப் பேருந்து. போகும் வழியில் பெரியார் நிலையத்தருகே எங்கள் முன்னே நின்ற நகரப் பேருந்தின் பலகையைப் படித்துவிட்டு, "காளவாசல் என்றால் என்ன வாசல்? அதுவும் கோட்டை வாசலா?" என்றார்.

"இல்லை. காளவாசல் என்றால் செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளை."

"மேற்கேயா?"

"மேற்கே."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அந்தப் பக்கமும் ஒரு பள்ளம் இருந்திருக்க வேண்டுமே, அது என்னவாயிற்று?" என்று கேட்டார். அதற்குள் விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது.